போதைப்பொருள் ஆய்வகத்தில் தன்னார்வலராகச் சேர: முதல் மின்னஞ்சலில் இருந்து கடைசி நாள் வரை

அமெரிக்காவில் படிக்கும்போது போதைப்பொருள் ஆராய்ச்சி செய்யும் ஒரு லேபில் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது, "அங்க அதெல்லாம் அலமாரியிலயே வெச்சிருப்பாங்களா?" என்றுதான். இல்லை. நான் இருந்த லேபில் இருந்தவை ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு லேப்டாப், டிஷ்யூ பெட்டி, மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி, சுவரில் பெரிய காலண்டர், அவ்வளவுதான். மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். யாராவது வருவார், நீங்கள் கேட்பீர்கள், அவர் சொல்வார், நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா, அது எவ்வளவு கஷ்டம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரையில் பாதி.

சைக்காலஜி, பப்ளிக் ஹெல்த், நியூரோசயின்ஸ், சோஷியல் வொர்க் என்று எது படித்தாலும் மேற்படிப்புக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போக நினைப்பவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு லேபில் நுழையப் பார்க்கிறார்கள். போதை ஆராய்ச்சி லேபுகளுக்குக் கூட்டம் கொஞ்சம் குறைவு. இடம் கிடைப்பது சுலபம் என்று சொல்லவில்லை, ஆனால் கேட்டால் பதில் வரும்.

முதலில், எந்த மாதிரி லேப்?

பெயரில் எல்லாம் ஒன்று போல இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு வேறு.

சில லேபுகளில் எலிகள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் கோகெய்னோ நிகோட்டினோ ஒரு துளி ஏறும், எத்தனை முறை அழுத்துகிறது என்று பார்ப்பார்கள். இங்கேதான் அம்மா கேட்ட அலமாரி நிஜமாகவே உண்டு. ஆனால் அது பூட்டு போட்ட பெட்டகம், மத்திய அரசின் போதைமருந்துத் தடுப்புத் துறையிடம் பதிவு செய்து, மில்லிகிராம் கணக்கில் பதிவேடு வைத்திருப்பார்கள். புதிதாக வந்த வாலண்டியரிடம் யாரும் சாவியைத் தரமாட்டார்கள். விலங்குகளைத் தொடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், சனி ஞாயிறும் எலிக்குச் சாப்பாடு வைக்கப் போக வேண்டும்.

சிலவற்றில் வெறும் எண்கள்தான். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் ஆண்டுதோறும் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டு வருகிறது. அது போன்ற தரவை வைத்து ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்கு போடுவது வேலை. வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம், ஆனால் ஒரு மனிதரைக்கூடப் பார்க்கமாட்டீர்கள்.

இன்னொரு வகை, ஆய்வகத்துக்குள்ளேயே பார் கட்டுவது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் மங்கலான விளக்கு, கவுன்ட்டர் எல்லாம் வைத்து இப்படி ஒன்றை நடத்தினார். 1973இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் படிப்பது. சிலருக்கு ஓட்காவும் டானிக்கும் கலந்து கொடுத்தார்கள், சிலருக்கு வெறும் டானிக். இரண்டு தரப்பிலும் பாதிப் பேரிடம் உண்மையைச் சொன்னார்கள், மீதிப் பேரிடம் மாற்றிச் சொன்னார்கள். யார் அதிகம் குடித்தார்கள் என்பதைத் தீர்மானித்தது கிளாஸில் இருந்தது அல்ல, ஓட்கா குடிக்கிறோம் என்ற நம்பிக்கைதான்.

நான் இருந்தது நான்காவது வகை: குடிப்பவர்களையும் கஞ்சா, ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) பயன்படுத்துபவர்களையும் நேர்காணல் செய்து, சிகிச்சை முறைகளைச் சோதித்துப் பார்க்கும் லேப். இனி சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

எப்படித் தேடுவது

பல்கலைக்கழக இணையதளத்தில் பேராசிரியர் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. பாதிப் பக்கங்கள் பல வருடங்களாகத் திருத்தப்படாமல் கிடக்கும். அதைவிட நல்ல வழி என்ஐஎச் ரிப்போர்ட்டர். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்ஐஎச்) யாருக்கு, எதற்கு, எவ்வளவு பணம் கொடுத்திருக்கின்றன என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கக்கூடிய தளம் அது. அதில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, நைடா, என்ஐஏஏஏ என்ற இரண்டு நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். முன்னது போதைப்பொருள்களுக்கு, 1974இல் தொடங்கியது. பின்னது மதுவுக்கு, 1970இல். உங்கள் ஊரில் யாருக்குப் பணம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அஞ்சு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அங்கே ஒரு தேதியை மட்டும் கவனியுங்கள், திட்டம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை. ஐந்து வருடத் திட்டத்தில் இரண்டாவது மூன்றாவது வருடம் என்றால் ஆட்களைச் சேர்க்கும் காலம், கை போதாமல் இருப்பார்கள். கடைசி வருடம் என்றால் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள், உங்களுக்கு வேலை இருக்காது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் முதலில் எழுதிய நான்கு பேரில் மூன்று பேர் கடைசி வருடத்தில் இருந்தவர்கள்.

மின்னஞ்சல்

சின்னதாக எழுதுங்கள். நீங்கள் யார், எந்த வருடம், வாரம் எத்தனை மணி நேரம் வர முடியும், எத்தனை செமஸ்டர் இருப்பீர்கள், அவர்களுடைய கட்டுரை ஒன்றில் உங்களை நிறுத்திய ஒரு இடம். அவ்வளவு போதும். சிவியை இணையுங்கள். பேராசிரியருக்கு மட்டும் இல்லாமல் லேப் மேனேஜருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஏனென்றால் வாலண்டியர்களை எடுப்பது பெரும்பாலும் அவர்தான். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்குப் பிறகு வேறு ஆளைப் பாருங்கள்.

"உங்கள் சிறப்பான ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்று எழுதாதீர்கள். அதையேதான் எல்லாரும் எழுதுகிறார்கள். "உங்கள் ஆய்வில் 90 நாள் தகவலைக் கேட்டிருக்கிறீர்கள், ஆட்கள் அவ்வளவு நாள் முந்தையதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தேன்" என்று எழுதினால் நீங்கள் உண்மையிலேயே படித்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

அப்புறம் குடும்பக் கதை. நம் வீடுகளில் குடித்தே போன ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் குறைவு, அதனால்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று எழுதத் தோன்றும். முதல் மின்னஞ்சலில் வேண்டாம். நேர்காணலில் ஏன் இந்த லேப் என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அவர்கள் பார்ப்பது உங்கள் சோகத்தை அல்ல, எதிரே ஒருவர் அதே கதையைச் சொல்லும்போது உங்களால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியுமா என்பதை.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள்

சம்பளம் வாங்கவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைப்பது தப்பு. மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் அதே வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அதையும் அனுமதியில்லாத வேலை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பாடத்துக்கான கிரெடிட்டாகப் பதிவு செய்துகொண்டு செய்வது பொதுவாகப் பத்திரமான வழி. எதுவானாலும் சேருவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "சீனியர் அண்ணா ஒருத்தர் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார்" என்பது எழுத்தில் வாங்கிய பதில் ஆகாது.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்

முதல் மூன்று மாதம் என்ன செய்வேன்? யார் சொல்லிக்கொடுப்பார்கள்? மாநாட்டில் ஆய்வு முடிவைப் போஸ்டராக வைக்க வாய்ப்பு உண்டா? இதற்கு முன் இருந்த வாலண்டியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் தடுமாறினால் கவனியுங்கள். "முதல் நாளே ஒரு ஆளோட தனியா உக்காந்து பேசிடலாம், ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல" என்று யாராவது சொன்னால் அந்த லேப் வேண்டாம்.

காகித வேலை, ஒரு மாதம் போகும்

சேர்த்துக்கொண்டோம் என்று சொன்ன பிறகும் நீங்கள் எதையும் தொட முடியாது. முதலில் சிட்டி (CITI) என்ற இணையப் பயிற்சி. மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்தும்போது பின்பற்ற வேண்டிய நெறிகள் பற்றிப் பல பாடங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் வினாடி வினா. எல்லாரும் வேகமாக கிளிக் செய்து தாண்டுவார்கள். டஸ்கீகி பாடத்தை மட்டுமாவது நின்று படியுங்கள். 1932 முதல் 1972 வரை அலபாமாவில் சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது வெளியே வந்த பிறகுதான் 1979இல் ஆய்வு நெறிகளை வகுத்த பெல்மான்ட் அறிக்கை வந்தது, இன்றைக்கு நீங்கள் நிரப்பும் படிவங்களின் வேர் அதில் இருக்கிறது. உங்கள் முன்னால் உட்காரும் ஒரு கறுப்பினப் பெரியவர் ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்து, மூன்று தடவை "இதை வேற யாருக்கும் தரமாட்டீங்களே?" என்று கேட்டால் எரிச்சல் வராமல் இருப்பதற்கு இந்தப் பாடம் உதவும்.

அடுத்து, நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த திட்டத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். அது சேரும் வரை ஒரு விடைத்தாளைக்கூடப் பார்க்கக் கூடாது. மருத்துவமனையோடு சேர்ந்த லேப் என்றால் காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசி, குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் கூடவே வரும். இந்த இடைவெளியில் லேபின் பழைய கட்டுரைகளைப் படியுங்கள்.

வார்த்தைகள்

முதல் வாரமே திருத்துவார்கள். 'அடிக்ட்', 'ஆல்கஹாலிக்' என்று யாரும் சொல்லமாட்டார்கள், மனிதரை முன்னால் வைத்து, மதுப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர், போதைப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர் என்று சொல்வார்கள். சிறுநீர்ச் சோதனை முடிவை 'கிளீன்', 'டர்ட்டி' என்று சொல்லக் கூடாது, நெகட்டிவ், பாசிட்டிவ் என்றுதான். எனக்கு ஆரம்பத்தில் இது கொஞ்சம் பாசாங்காகப் பட்டது. பிறகு வீட்டுக்கு போனில் விளக்கப் பார்த்தபோதுதான் தமிழில் நம்மிடம் இருப்பது குடிகாரன், குடிக்கு அடிமை, மொடாக்குடியன் என்பவைதான் என்று உறைத்தது. குடிநோய் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, பேச்சில் யாரும் எடுப்பதில்லை.

2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய் கண்டறியும் கையேடு, ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க 11 அளவுகோல்கள் வைக்கிறது. ஒரு வருடத்துக்குள் அவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தினமும் தேவைப்படும்.

தொலைபேசி: நான் தப்பு செய்த இடம்

ஆய்வுக்கு வர விரும்பி எண்ணைக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, தகுதி இருக்கிறதா என்று கேட்பதுதான் வாலண்டியருக்கு முதலில் கிடைக்கும் வேலை. கையில் எழுதித் தந்த வசனம் இருக்கும், அதை அப்படியே படிக்க வேண்டும். முதல் கேள்வி எப்போதும் "இப்ப தனியா பேச முடியுமா?" என்பது.

மூன்றாவது வாரம் ஒருவர் எடுக்கவில்லை, வாய்ஸ்மெயிலுக்குப் போனது. நான் பெயர், லேப் பெயர், மது பற்றிய ஆய்வு என்று எல்லாவற்றையும் தெளிவாக, நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டு வைத்தேன். அந்த எண் வீட்டுத் தொலைபேசி. கேட்டது அவருடைய மனைவி. அவர் குடியை விட்டுவிட்டதாக மனைவி நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் கூப்பிட்டுத் திட்டவில்லை, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். வசனத்தின் இரண்டாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: செய்தி விடும்போது "ஒரு உடல்நல ஆய்வு தொடர்பாக" என்பதற்கு மேல் ஒரு சொல்கூடக் கூடாது. நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. அதை எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம், அந்த அறிக்கையின் முதல் வரைவை என்னையே எழுத வைத்தார்கள்.

எனவே, வசனத்தின் எல்லாப் பக்கங்களையும் படியுங்கள். சத்தமாக, யாரையாவது எதிரில் உட்காரவைத்து, பத்துத் தடவை. தப்பு நடந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்து ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் ஆய்வையே நிறுத்திவைக்க நேரும்.

எதிரே உட்காருவது

நம் ஊர் கிளினிக்கில் டாக்டர் "குடிப்பீங்களா?" என்று கேட்பார், "எப்பவாச்சும் சார்" என்று பதில் வரும், டாக்டர் 'அக்கேஷனல்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்த 'எப்பவாச்சும்' எத்தனை என்று கண்டுபிடிப்பதுதான் இந்த லேபில் உங்கள் வேலை.

அதற்கு ஒரு கருவி இருக்கிறது, டைம்லைன் ஃபாலோபேக். லிண்டா சோபெல், மார்க் சோபெல் என்ற தம்பதியர் உருவாக்கியது. காலண்டரை முன்னால் விரித்துவைத்து, நேற்றிலிருந்து பின்னோக்கி 30 நாளோ 90 நாளோ ஒவ்வொரு நாளும் எவ்வளவு குடித்தார் என்று நிரப்ப வேண்டும். "பிப்ரவரி 9ஆம் தேதி எவ்வளவு குடித்தீர்கள்?" என்றால் யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் அவருக்கு நினைவிருக்கும் நாள்களைக் குறிக்கச் சொல்வீர்கள். சம்பள நாள், பிறந்த நாள், மகளைப் பார்க்கப் போன நாள், சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) நடந்த ஞாயிறு. "அன்னிக்கு எங்க இருந்தீங்க?" "கசின் வீட்டில்." "எத்தனை பேர்?" "நாலு பேர்." "பீர் யார் வாங்கினது?" "நான்தான், 24 கேன்." "மிச்சம் இருந்ததா?" இப்படி ஒரு நாளைப் பிடித்தால் அதன் இரண்டு பக்கமும் உள்ள நாள்கள் தானாக வரும்.

என் முதல் முழு நேர்காணலில் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்) ஒருவர் ஒரு சனிக்கிழமைக்கு "பதினான்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை "ஆறு, ஏழு இருக்கும்", அதற்கடுத்தது "ஐந்து". பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த கோ-ஆர்டினேட்டர் அவர் போன பிறகு காலண்டரைத் திருப்பிக் காட்டி, "பதினான்குக்கு அப்புறம் இருக்கிறது எல்லாம் உன் முகத்துக்குச் சொன்ன பதில்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த 90 நாள் தரவு அதோடு போச்சு. இந்த லேபில் உடையக்கூடிய கருவி உங்கள் முகம்தான் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதும் உதவாது. கல்லிடம் யாரும் பேசமாட்டார்கள். "சரி, பதினான்கு" என்று அவர் சொன்ன எண்ணைத் திரும்பச் சொல்லி, அதே குரலில் "அதுக்கு முந்தின நாள்?" என்று போய்விடுங்கள். பூஜ்யம் என்று சொன்னாலும் அதே குரல், "ரொம்ப நல்லது" என்று பாராட்டக் கூடாது. பாராட்டினால் அடுத்தடுத்து பூஜ்யமாகவே வரும். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன், அறைத்தோழி சிரித்தாள்.

ஒரு டிரிங்க் என்றால் எவ்வளவு

காலண்டரில் எழுதுவது கிளாஸ் கணக்கு அல்ல, 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' கணக்கு. அமெரிக்காவில் அது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் 355 மில்லி, 12 சதவீத ஒயின் சுமார் 150 மில்லி, 40 சதவீத விஸ்கி சுமார் 44 மில்லி, மூன்றிலும் இருப்பது கிட்டத்தட்ட இதே அளவுதான். "ரெண்டே கிளாஸ் ஒயின்" என்று சொல்பவரிடம் வெற்று கிளாஸைக் கொடுத்து, வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்வோம். அளந்து பார்த்தால் ரெண்டு மூன்றரையாக இருக்கும்.

எனக்கு இது மனதில் பதிந்தது நம் ஊர் அளவில் போட்டுப் பார்த்த பிறகுதான். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம். 180ஐ 0.428ஆல் பெருக்கி, ஆல்கஹாலின் அடர்த்தி 0.789ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 61 கிராம். 14ஆல் வகுத்தால் 4.3. அதாவது "ஒரு குவார்ட்டர்தான்" என்பவர் அமெரிக்கக் காலண்டரில் நான்கு டிரிங்குக்கு மேல். ஒரு கட்டிங் இரண்டுக்கு மேல். நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

ஊதுவதும் கோப்பையும்

மது ஆய்வுகளில் ஒப்புதல் படிவம் கையெழுத்தாவதற்கு முன்பே ஊதச் சொல்வார்கள், 0.00 வர வேண்டும், ஏனென்றால் போதையில் கொடுத்த ஒப்புதல் ஒப்புதல் ஆகாது. மவுத்வாஷ் போட்டுக்கொண்டு வந்தால் வாயில் இருக்கும் ஆல்கஹாலே எண்ணை ஏற்றிவிடும், 15 நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். எண் ஏறியிருந்தால் வேறு நாள் வரச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பு ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால், யூட்டாவில் மட்டும் 0.05. (நம் நாட்டில் 0.03.) வரம்புக்கு மேல் இருப்பவரை வண்டிச் சாவியோடு வெளியே அனுப்பக் கூடாது, டாக்ஸி பிடித்துக் கொடுப்பது லேபின் பொறுப்பு.

சிறுநீர்க் கோப்பையை வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் வெப்பப் பட்டையை உடனே பாருங்கள். நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் காட்ட வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம். முடிவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இந்தப் பட்டைகள் முதல் கட்டச் சோதனைதான், உறுதிசெய்ய வேறு கருவி வேண்டும். அடிக்கடி கஞ்சா பிடிப்பவர் நிறுத்திப் பல வாரம் ஆனாலும் பாசிட்டிவ் காட்டக்கூடும். ஓபியேட் பட்டைக்குப் பழைய சிக்கல் நம் அடுப்படியில் இருக்கும் கசகசா. ஓபியம் எடுக்கும் அதே செடியின் விதைதான் அது, குருமாவில் அரைத்துப் போடுவது. அந்த விதை ஒட்டிய ரொட்டியைத் தின்றவர்களே பாசிட்டிவாக வந்ததால்தான் அமெரிக்க அரசு தன் ஊழியர் சோதனையில் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு 1998இல் உயர்த்தியது.

சில ஆய்வுகளில் நெகட்டிவ் வந்தால் பரிசு உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி பிரபலமாக்கிய முறை: மீன்தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிக் குடுவை நிறையச் சீட்டுகள். பாதியில் சபாஷ் என்று மட்டும் இருக்கும், மற்றவற்றில் பெரும்பாலானவை ஒரு டாலர் சாமான், சில 20 டாலர், ஒரே ஒரு சீட்டு 100 டாலர். இது லஞ்சம்தானே என்று எனக்கு முதலில் தோன்றியது. கோகெய்ன் பழக்கம் மாதிரி, சிகிச்சைக்கு மருந்தே இல்லாத இடங்களில் நன்றாக வேலை செய்வதாக ஆய்வுகள் காட்டும் முறைகளில் இது முக்கியமானது. ஐம்பது வயது ஆள் குடுவைக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு துழாவுவதைப் பார்த்த பிறகு நான் அந்த வாதத்தை விட்டுவிட்டேன்.

கனமான ஒன்றைச் சொல்லும்போது

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒருவர் உங்களிடம் சொல்லும் நாள் வரும். நீங்கள் ஆலோசகர் அல்ல. ஆறுதல் சொல்ல முயலாதீர்கள், அவரைத் தனியே விட்டுவிட்டு ஓடவும் ஓடாதீர்கள். அறையிலிருந்தபடியே பொறுப்பில் உள்ள மருத்துவ உளவியலாளரைக் கூப்பிடுங்கள், அவர் எண் லேப்டாப்பிலேயே ஒட்டியிருக்க வேண்டும். 2022 ஜூலையிலிருந்து தற்கொலை எண்ணம் வருபவர்கள் கூப்பிட 988 என்ற மூன்று இலக்க உதவி எண் நாடு முழுக்க இருக்கிறது, அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆள்கள் அடிக்கடி கேட்பது, "போலீஸ் கேட்டா குடுத்துடுவீங்களா?" என்பது. என்ஐஎச் பணத்தில் நடக்கும் இந்த மாதிரி ஆய்வுகளுக்கு 2017 அக்டோபர் முதல் ரகசியக் காப்புச் சான்று தானாகவே உண்டு, நீதிமன்றம் கேட்டாலும் பெயரோடு தகவலைத் தர வேண்டியதில்லை. விதிவிலக்கு உண்டு, முக்கியமாகக் குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தால். அதை ஒப்புதல் படிவத்திலேயே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், அவர் சொன்ன பிறகு சொல்வது துரோகம்.

நார்கான் மூக்கு ஸ்பிரே எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நின்றுபோகிறவரை மீட்பது அது. 2023இல் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். நான் இன்னும் பையில் ஒன்று வைத்திருக்கிறேன்.

தரவு வேலை

அலுப்பானது. இரண்டு பேர் தனித்தனியே உள்ளிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயருக்குப் பதில் எண், பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறு இடத்தில் பூட்டி இருக்கும். ஒரு விதிதான்: விடை இல்லாத கட்டத்தில் உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள், பூஜ்யமும் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் குடிக்கவில்லை, காலி என்றால் தெரியவில்லை.

வெளியே வரும்போது

இரண்டு செமஸ்டராவது இருங்கள், அதற்குக் குறைவாக இருந்தால் பரிந்துரைக் கடிதத்தில் எழுத எதுவும் இருக்காது. கடிதம் பேராசிரியர் கையெழுத்தில் வரும், ஆனால் அவருக்கு உங்களைப் பற்றிச் சொல்வது கோ-ஆர்டினேட்டர். எனவே போகும்போது அவருக்கு ஒரு பக்கத்தில் நீங்கள் செய்தவற்றைத் தேதியோடு எழுதிக்கொடுங்கள். இரண்டாவது செமஸ்டரிலேயே ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு, இருக்கும் தரவில் போஸ்டர் போட அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

கடைசி நாளில் சாவி, அடையாள அட்டை, கோப்புகளுக்கான அனுமதி எல்லாம் திரும்பப் போய்விடும். கேட்டவை மட்டும் உங்களிடமே இருக்கும், அதை யாரிடமும் சொல்லக் கூடாது. ஊர் சிறியதாக இருந்தால் ஆய்வுக்கு வந்தவர்களைக் கடையிலோ பஸ்ஸிலோ பார்ப்பீர்கள். அதற்கும் விதி உண்டு, நீங்கள் முதலில் சிரிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் யார் இவர் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நான் வேலையை விட்டு நாலு மாதம் கழித்து, ஒரு இந்திய மளிகைக் கடையில் பருப்பு வரிசைக்கு எதிரே, குடுவைக்குள் கைவிட்டுத் துழாவிய அந்த மனிதர் ஒரு சிறுமியோடு நின்றுகொண்டிருந்தார். கண் பட்டது. நான் துவரம்பருப்பு விலையைப் படிக்க ஆரம்பித்தேன்.